எறும்புத் தலையளவு பெருக்கல் குறி

அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதிய குறிப்பொன்றை நேற்றிரவு சேமிக்கப் போய், அடியோடு அழித்துவிட்டேன். சேமிக்கும் குறியும் குப்பைத்தொட்டிக் குறியும் அந்தச் செயலியின் மேல் மூலையில் ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் போல நின்றன. என் கட்டைவிரல் இரண்டையும் ஒருசேர மறைத்தது. அழிக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீட்க வழியும் இல்லை.

செயலி உருவாக்குவதே என் பிழைப்பு என்பதால் கோபம் இரட்டிப்பாகிறது. தொடும் பரப்பு குறைந்தது 44க்கு 44 பாயின்ட் இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிளின் வழிகாட்டி. 48க்கு 48 டிபி என்கிறது ஆண்ட்ராய்டு. (பாயின்ட், டிபி இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்.) இவற்றை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களே 24 டிபியில் ஐகானை வரைந்து, தொடும் பரப்பையும் அந்த 24க்குள்ளேயே அடைத்துவிடுகிறார்கள். நீளமும் அகலமும் பாதியானால் பரப்பு கால்பங்காகும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஐகான் சிறிதாகவே இருக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? நான்கு புறமும் 12 டிபி பேடிங், அதாவது தொட்டால் வேலை செய்யும் வெற்றிடம், கொடுத்தால் 48 வந்துவிடுகிறது. செயலி எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவ் என்ற கருவித்தொகுப்பு என்றால், தொடும் பரப்பை மட்டும் வெளியே நீட்டும் ஹிட்ஸ்லாப் என்று ஒரே ஒரு வரி போதும். திரையில் எதுவும் இடம் மாறாது. (பொத்தானை உள்ளடக்கிய தாய்ப் பெட்டியின் எல்லையைத் தாண்டி அந்தப் பரப்பு செல்லாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.) ஆனால் பக்கத்துப் பொத்தானுக்கும் இதற்கும் இடையே இடைவெளியே விடாதவருக்கு இந்த ஒரு வரியும் உதவாது.

கேட்டால், "என் கணினியில் நன்றாகத்தானே வேலை செய்கிறது" என்கிறார்கள். செய்யாமல் என்ன? கைபேசியைப் போலவே கணினியில் இயங்கிக் காட்டும் எமுலேட்டரில் அவர்கள் சொடுக்குவது ஊசிமுனை போன்ற மவுஸ் அம்பால். விரலோ தான் தொடப்போகும் இடத்தைத் தானே மறைத்துக்கொள்கிறது. சதை அழுந்திப் பரவும்போது, நாம் குறிவைத்த இடத்திலிருந்து சற்று விலகிய புள்ளியையே திரை எடுத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, விரலை எடுக்கும்போது நடக்க வேண்டிய செயலை, பட்ட கணத்திலேயே நடத்திவிடுகிறார்கள் சிலர். தவறு புரிந்து விரலை அப்படியே நகர்த்தித் தப்பிக்கவும் வழியில்லை.

குறிப்பு போன துக்கம் ஆறுவதற்குள், செயலி பிடித்திருக்கிறதா என்று ஒரு பெட்டி எழும்பி வந்தது. ஐந்து நட்சத்திரம் கொடுக்கும் பொத்தான் திரையின் அகலம் முழுவதும் நீண்டிருந்தது. பெட்டியை மூடும் பெருக்கல் குறி மட்டும் எறும்புத் தலையளவு. ஆக, பெரிய பொத்தான் வைக்கத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள்.