மூன்று சிலிண்டர் அவமானம்

(கோவை சிங்காநல்லூரில் ஒரு பட்டறை. 1978 மாடல் அம்பாசிடர் மார்க் 3 ஒன்று இருமிக்கொண்டே வந்து நிற்கிறது. இறங்கியவர் கதவைச் சாத்துவதற்குள் பேச்சைத் தொடங்கிவிடுகிறார். கதவும் ஒரே தடவையில் சாத்துவதில்லை.)

மாமா: மாப்பிள்ளை, இந்த வண்டிக்கு டர்போ வைக்க வேண்டும். இன்றைக்கே.

மாப்பிள்ளை: காபி குடித்தீர்களா மாமா?

மாமா: பேச்சை மாற்றாதே. ஊட்டி போகிற வழியில், பர்லியாறு ஏற்றத்தில் சம்பந்தி என்னை முந்திவிட்டார். முந்தியதுகூடப் பரவாயில்லை. கண்ணாடியை இறக்கி, "தள்ளிவிட ஆள் அனுப்பட்டுமா?" என்று கேட்டார். அவர் வண்டி வெறும் 998 சி.சி. சிலிண்டர் மூன்றே மூன்று! என்னுடையது 1489 சி.சி., நான்கு சிலிண்டர். ஆட்டோவுக்கு அண்ணன் மாதிரி ஓர் இன்ஜினிடம் தோற்றிருக்கிறேன்.

மாப்பிள்ளை: அந்த மூன்றுக்கு டர்போ உண்டு, 100 குதிரைத்திறன் வரும். உங்களுடையதற்குப் பிறக்கும்போதே ஐம்பதை ஒட்டித்தான். அதில் இன்னும் எத்தனை குதிரை உயிரோடு இருக்கிறதோ!

மாமா: அதனால்தான் டர்போ கேட்கிறேன். புகை போகிற வழியில் ஒரு விசிறி. அது சுழன்றால் அதே தண்டில் இருக்கும் இன்னொரு விசிறி காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும். சும்மா போகிற புகைக்கு ஒரு வேலை. பேரன் படம் காட்டினான்.

மாப்பிள்ளை: அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் என்று சொன்னானா? அதன் பேரிங்குக்கு இன்ஜின் ஆயில்தான் போக வேண்டும். உங்கள் வண்டி ஆயிலை உள்ளே வைத்துக்கொள்வதைவிட வாசலில் கோலம் போடுவதுதான் அதிகம்.

மாமா: உன் அத்தையும் அதைத்தான் சொல்கிறாள். மேலே சொல்.

மாப்பிள்ளை: அழுத்திய காற்று சூடாகும். சூட்டில் பெட்ரோல் தன் முறை வருவதற்கு முன்பே வெடிக்கும். டொக் டொக் என்று நாக்கிங். கடைசியில் பிஸ்டனில் ஓட்டை. போதாக்குறைக்கு, பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு இருக்கிறதே, கிராங்க், உங்கள் வண்டியில் அதைத் தாங்குவது மூன்றே பேரிங். இதே குடும்பத்து 1800 சி.சி. இன்ஜினுக்கு இங்கிலாந்தில் 1964இலேயே ஐந்தாக்கிவிட்டார்கள்.

மாமா: சூட்டைத் தணிக்க வழியே இல்லையா?

மாப்பிள்ளை: அமெரிக்காவில் 1962இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்று ஒரு டர்போ கார் வந்தது. நாக்கிங் வராமலிருக்க அதில் தனியாக ஒரு தொட்டி. தண்ணீரும் மெத்தனாலும் கலந்து ஊற்ற வேண்டும்.

மாமா: வண்டி குடிக்குமா?

மாப்பிள்ளை: குடிக்கும். தொட்டி காலியானால் டர்போ அடங்கிவிடும். பலர் ஊற்ற மறந்தார்கள். அடுத்த வருடத்தோடு அந்தக் காரையே நிறுத்திவிட்டார்கள்.

மாமா: வேண்டாம். நம் குடும்பத்தில் அந்தப் பழக்கத்துக்கு உன் சின்ன மாமா ஒருவனே போதும். சரி, சம்பந்தி வண்டியில் இருக்கும் அதே இன்ஜினை வாங்கி இதற்குள் வை.

மாப்பிள்ளை: அது குறுக்கே படுத்து முன் சக்கரத்தைச் சுற்றுகிற இன்ஜின். இங்கே நீளவாக்கில் உட்கார்ந்து பின் சக்கரத்தைச் சுற்ற வேண்டும்.

மாமா: திருப்பிப் போடு.

மாப்பிள்ளை: தோசையா மாமா? திருப்பினால் வேறு கியர்பாக்ஸ் வேண்டும். அதன் கம்ப்யூட்டர், சென்சார், ஒயரிங் எல்லாம் கூடவே வர வேண்டும். சாவியில் இருக்கும் சில்லு சரியென்றால்தான் இன்ஜினே கிளம்பும். சம்பந்தியிடம் சாவியும் கேட்க வேண்டியிருக்கும்.

மாமா: அவரிடம் கேட்பதைவிட ஊட்டிக்கு நடந்தே போய்விடுவேன்.

மாப்பிள்ளை: உருப்படியான வழி ஒன்றுதான். 1990களின் தொடக்கத்தில் கம்பெனியே இந்த உடம்புக்குள் இசுசு 1817 சி.சி. இன்ஜினை வைத்து விற்றது. 75 குதிரை, ஐந்து கியர். அவர்களுடைய கான்டெஸா காரில் ஓடியதும் அதுதான். நான் வைப்பதென்றால் அதைத்தான் வைப்பேன். ஆனால்...

மாமா: வந்துவிட்டதா "ஆனால்"?

மாப்பிள்ளை: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆர்.சி.க்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் நான் ஸ்பேனரைத் தொட மாட்டேன். இன்னொன்று, உங்களுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஏறும்போது சம்பந்தியை முந்துவீர்கள். இறங்கும்போதும் முந்துவீர்கள், நிற்காமலே. முதலில் ஸ்டார்ட் செய்யுங்கள், பார்ப்போம்.

(பானெட்டைத் திறந்து, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காது கொடுக்கிறார்.)

மாப்பிள்ளை: எத்தனை நாளாக இந்த இருமல்?

மாமா: தீபாவளியிலிருந்து. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை: மூன்றாவது சிலிண்டருக்குத் தீப்பொறி கொண்டுபோகும் ஒயரைக் கழற்றினால் சத்தத்தில் மாற்றமே இல்லை. உள்ளே அறுந்து கிடக்கிறது. தீபாவளியிலிருந்து உங்களுடையதும் மூன்று சிலிண்டர் வண்டிதான் மாமா.

மாமா: (வெகுநேரம் கழித்து) ஒயர் என்ன விலை?

மாப்பிள்ளை: காபிக் காசுதான்.

மாமா: மாற்றிவிடு. அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டாமே?