ஒரே கரும்பலகைக்கு எத்தனை சம்பளம்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தாலும் சரி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் தெரியவில்லை என்று ஏதாவது கணக்கெடுப்பு வந்தாலும் சரி, நம் பக்கங்களில் ஒரே சண்டைதான். "அரசு ஆசிரியர் லட்சம் வாங்குறார், பாடம் நடத்துறதில்லை" என்று ஒரு கூட்டம். "தனியார்ல வெறும் மனப்பாடம்" என்று இன்னொரு கூட்டம். இருவருமே ஆசிரியரின் குணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த ஆசிரியர் அந்த வகுப்புக்கு எப்படி வந்து சேர்ந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார், எத்தனை வருஷம் காத்திருந்தார், என்ன சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டார், எத்தனை நாள் அங்கே இருப்பார் என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், பள்ளியின் தரத்தில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

தமிழ்நாட்டில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர எத்தனை சம்பளம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 2009 மே 31க்குள் வேலையில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே டிப்ளமோ, அதே வகுப்பு, அதே பாடப்புத்தகம். ஒரு தேதி மாறியதற்கு அடிப்படையிலேயே 3,170 ரூபாய் வித்தியாசம். அது அடுத்தடுத்த ஊதிய உயர்வுகளிலும் கூடவே வந்து பெருகியது. "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று அவர்கள் சென்னையில் எத்தனை முறை உட்கார்ந்தார்கள், எத்தனை முறை போலீஸ் வேனில் ஏற்றப்பட்டார்கள் என்பது செய்தி பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்த படியில் பகுதிநேர ஆசிரியர்கள். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை என்று 2012இல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் என்பது உத்தரவு. ஆனால் ஆள் இல்லாத பள்ளியில் அவர்கள் முழுநேரமும் எல்லா வேலையும் பார்த்தார்கள். படிப்படியாக உயர்ந்து 12,500 வரை வந்தது. பல வருஷம் மே மாதம் சம்பளமே கிடையாது. "மே மாசம் எங்களுக்கு வயிறு கிடையாதா?" என்று ஒரு ஓவிய ஆசிரியர் என்னிடம் கேட்டார். 2024-25இல் ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதி 2,152 கோடியை நிறுத்தி வைத்தபோது, இப்படித் திட்ட நிதியை நம்பி வேலை பார்ப்பவர்களுக்குத்தான் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்ற பயம் முதலில் வந்தது.

அதற்கும் கீழே தற்காலிக ஆசிரியர்கள். 2022இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் நிரப்பச் சொன்னார்கள். முதலில் அறிவித்த தொகை, இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. முதுகலை முடித்து பி.எட். முடித்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்த 12,000. எதிர்ப்பு வந்த பிறகுதான் கூட்டினார்கள். நிரந்தரப் பணியில் முதுகலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மட்டும் 36,900. அகவிலைப்படி தனி.

இதற்கெல்லாம் அடியில் தனியார் பள்ளி. தாலுகா ஊர்களில் எட்டாயிரம், பத்தாயிரம் என்பது இன்றும் சர்வசாதாரணம்.

நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு நடத்தியவள். சேர்ந்த அன்றே ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கரஸ்பாண்டென்ட் அறையில் ஒரு ஸ்டீல் பீரோ. அதற்குள் கயிறு கட்டிய ஃபைல்கள். ஒவ்வொரு ஃபைல் மேலும் ஒரு மிஸ்ஸின் பெயர். பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து பி.எட். டிகிரி வரை எங்கள் வாழ்க்கை முழுக்க அந்தப் பீரோவுக்குள். அரசு ஆசிரியர்களைத் தேர்வு செய்யும் டி.ஆர்.பி. வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கேட்டால்கூட, "வருஷ நடுவுல விட்டுட்டுப் போயிடுவீங்க" என்று இழுத்தடிப்பார்கள். ஏப்ரல், மே மாதம் அட்மிஷன் கேன்வாஸிங். வெயிலில் வீடு வீடாக நோட்டீஸோடு போக வேண்டும். ஆள் பிடிக்காவிட்டால் ஜூனில் பேச்சு வாங்க வேண்டும்.

இவ்வளவுக்கும் ஏன் போனோம்? ஊரில் வேறு வேலை இல்லை. கட்டிக் கொடுத்த ஊரை விட்டு வெளியே போக முடியாது. பிள்ளை அதே பள்ளியில் படித்தால் ஃபீஸில் கொஞ்சம் கழிப்பார்கள். மாமியார், "நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துடுற வேலைதானே, போ" என்பார். அந்தப் பள்ளிகளின் ஸ்டாஃப் ரூமில் முக்கால்வாசிப் பேர் இப்படி வந்தவர்கள்தான். தனியார் பள்ளி குறைந்த செலவில் நடக்கிறது, அது நிர்வாகத் திறமை என்று பேசுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. படித்த பெண் ஊரை விட்டு நகர முடியாது என்பதுதான் அந்தப் பள்ளிகளின் மூலதனம்.

இது என் ஆதங்கம் மட்டும் இல்லை. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் ஆண்ட்ராபி, தாஸ், குவாஜா என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைத் தேடிப் போனார்கள். எந்தக் கிராமத்தில் முன்பே அரசுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி இருந்ததோ, அங்கே தனியார் பள்ளி முளைக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு அதிகம் என்று கண்டார்கள். காரணம், அந்த அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் அதே ஊரில் இருந்தார்கள், குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்தார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் தனியார் பள்ளி ஆசிரியர் சம்பளம் குறைவாகவும் இருந்தது. அரசு செலவு செய்து படிக்க வைத்த பெண்கள்மேல்தான் தனியார் பள்ளி எழும்பியிருக்கிறது. நம் ஊர்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கொரோனா வந்தபோது என்ன நடந்தது என்று மறந்துவிட வேண்டாம். பள்ளி மூடியதும் சம்பளம் நின்றது. பி.எட். படித்தவர்கள் நூறு நாள் வேலைக்குப் போனார்கள், காய்கறி விற்றார்கள். தெலங்கானா அரசு 2021இல் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் கொடுத்தது. சிறிய தொகைதான். ஆனாலும் இவர்களும் ஆசிரியர்கள் என்று ஒரு அரசு ஒத்துக்கொண்டது எனக்குப் பெரிதாகப் பட்டது.

எல்லாத் தனியார் ஆசிரியருக்கும் இதே கதி என்று சொல்லிவிடவும் முடியாது. நாமக்கல், ராசிபுரம் பக்கம் பிளஸ் டூ மார்க் கொடிகட்டிப் பறந்த காலத்தில், "சென்டம் எடுத்துக் கொடுக்கும்" வேதியியல் சாருக்குப் பள்ளிகள் போட்டி போட்டுச் சம்பளம் கொடுத்தன. வீடு, வண்டி வரை கொடுத்து இழுத்த கதையெல்லாம் கேட்டிருக்கிறேன். 2017இல் நீட் கட்டாயமானதும் அந்த மவுசு கோச்சிங் பக்கம் நகர்ந்தது. நல்ல இயற்பியல், உயிரியல் ஆட்கள் அதன் பின்னால் போனார்கள். அதே வளாகத்தில் மூன்றாம் வகுப்பு நடத்தும் மிஸ்ஸுக்கு அப்போதும் அதே எட்டாயிரம். பெற்றோர் கண்ணுக்குத் தெரியும் வகுப்புக்குப் பணம் போகிறது. படிப்புக்கு அடித்தளம் விழும் வகுப்புக்குப் போவதில்லை.

இப்போது அரசுப் பக்கம். சம்பளம் நல்ல சம்பளம், மறுக்கவில்லை. ஆனால் வாசல் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் திறந்தன. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தால் சீனியாரிட்டியில் வேலை வரும் என்று நகையை அடகு வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பிறகு டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. 2012 ஜூலையில் முதல் தேர்வு. ஆறு லட்சத்துக்கும் மேல் எழுதினார்கள், தேறியவர்கள் 2,448. அடுத்தடுத்து 2013, 2017, 2019, 2022, 2025. இடைவெளியைப் பாருங்கள். தேறினால் வேலை என்றார்கள், பிறகு பழைய பரீட்சை மார்க்கையும் சேர்த்துக் கணக்கிடும் வெயிட்டேஜ் என்றார்கள், 2018இல் அரசாணை 149 போட்டு டெட் தேறினாலும் இன்னொரு போட்டித் தேர்வு என்றார்கள். அந்தப் போட்டித் தேர்வு பட்டதாரி ஆசிரியருக்கும் இடைநிலை ஆசிரியருக்கும் நடந்தது 2024இல்தான்.

2013இல் டெட் தேறிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அப்போது அவருக்குக் கைக்குழந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து பெரிய வகுப்புக்குப் போய்விட்டது. அம்மா இன்னும் கையேடு வாங்கி உளவியல் பாடம் படித்துக்கொண்டிருக்கிறார். ஆட்டிசம் உள்ள பிள்ளையை மடியில் வைத்து எழுத்துச் சொல்லித்தரும் பொறுமை உள்ளவர். அப்படிப்பட்டவரை ஒரு தலைமுறைக் காலம் வாசலில் நிற்க வைத்துவிட்டு, 'தரமான ஆசிரியர் கிடைக்கவில்லை' என்று சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது?

காத்திருப்பவர்கள் மட்டும் பாதிக்கப்படவில்லை. பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுக்கும் பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. டிகிரி மூன்று வருஷம், பி.எட். இரண்டு வருஷம், டெட், போட்டித் தேர்வு, வழக்கு, தடை, கலந்தாய்வு. "எதுக்குடா வம்பு" என்று வேறு பக்கம் போய்விடுகிறது. பத்து வருஷம் கழித்து நம் பேரப்பிள்ளைக்கு யார் பாடம் நடத்துவார் என்பது இப்போதே தீர்மானமாகிறது.

வேலை கிடைத்தாலும் ஊர்ப் பிரச்சினை இருக்கிறது. தெற்கே கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி பக்கம் ஆசிரியர் படிப்புப் படித்தவர்கள் அதிகம், காலியிடம் குறைவு. காலியிடம் எல்லாம் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கம். என் சித்தி மகள் நாகர்கோவில்காரி. முதல் பணியிடம் ஜவ்வாது மலை அடிவாரத்தில். வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறினால் மறுநாள் காலை வீடு, ஞாயிறு சாயங்காலம் திரும்பவும் பஸ். நல்ல டீச்சர்தான், பிள்ளைகளுக்கு அவள்மேல் உயிர். ஆனால் சேர்ந்த நாளிலிருந்தே அவள் கண் பொது மாறுதல் கலந்தாய்வு மேல்தான் இருந்தது. மாறுதல் கிடைத்துப் போனாள். அந்த இடம் மறுபடி காலி. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அவரும் பயிற்சிக்கோ, பள்ளி விவரங்களைக் கணினியில் ஏற்றும் எமிஸ் வேலைக்கோ போனால் அன்று பள்ளியில் பாடமே இல்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சொந்த ஊர்ப் பக்கம் வேலை பார்க்க நினைப்பது எல்லா ஆசிரியருக்கும் பொது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1999 முதல் 2002 வரை புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களைப் பார்த்தார்கள். 85 சதவீதம் பேரின் முதல் பணியிடம் அவர்கள் படித்த உயர்நிலைப் பள்ளியிலிருந்து 40 மைலுக்குள்தான் இருந்தது. இதைப் புரிந்துகொண்டால் வழியும் தெரியும். ஜவ்வாது மலைப் பிள்ளையைப் படிக்க வைத்து ஆசிரியராக்க வேண்டும், அதே பக்கத்தில் வேலை கொடுக்க வேண்டும். நாம் என்ன செய்தோம்? 2023 டிசம்பரில் அரசாணை 243 போட்டு, ஊராட்சி ஒன்றிய அளவில் இருந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர் சீனியாரிட்டியை மாநில அளவுக்கு மாற்றினோம். பதவி உயர்வு வேண்டுமானால் எங்கோ தூரத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்று பெண் ஆசிரியர்கள் பயந்தார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் தெருவில் இறங்கியதற்குக் காரணம் அதுதான்.

"குறைந்த சம்பளத்துக்கு எடுத்தாலும் நல்லாத்தானே நடத்துறாங்க, ஆய்வே சொல்லுதே" என்று கமெண்டில் சிலர் வருவார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆந்திராவில் முரளிதரன், சுந்தரராமன் செய்த ஆய்வு அது. நிரந்தர ஆசிரியர் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வாங்கிய ஒப்பந்த ஆசிரியர்கள் கற்பித்தலில் குறைந்து போகவில்லை என்று அது சொல்கிறது. நானும் நம்புகிறேன். ஆனால் அங்கே கூடுதலாக ஒரு ஆசிரியரைத்தான் கொடுத்தார்கள், இருப்பவரை எடுத்துவிட்டு இவரைப் போடவில்லை. இருபத்தைந்து வயதில் என்றாவது நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையோடு ஒருவர் உழைப்பதை வைத்து, நாற்பத்தைந்து வயதிலும் அதே குறைந்த சம்பளத்துக்கு உழைப்பார் என்று சொல்ல முடியுமா?

இன்னொரு பக்கமும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தோனேசியாவில் சான்று பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். ஆசிரியர்கள் மகிழ்ந்தார்கள், பக்க வேலை குறைந்தது, ஆனால் பிள்ளைகளின் படிப்பு உயரவில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குச் சம்பளம் கூட்டுவதால் மட்டும் பாடம் மாறாது. நம் சங்கங்களும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். சம்பளம் எந்த இடத்தில் வேலை செய்யும் என்றால், யார் இந்த வேலைக்கு வரத் துணிகிறார், யார் தங்குகிறார் என்ற இடத்தில்.

அதனால் என் கோரிக்கை முதலில் தேதி சம்பந்தப்பட்டது. ஒவ்வொரு வருஷமும் எத்தனை பேர் ஓய்வு பெறப் போகிறார்கள் என்பது துறையிடம் பெயர் வாரியாக இருக்கிறது. ஜனவரியில் டெட், ஏப்ரலில் போட்டித் தேர்வு, ஜூனில் பள்ளி திறக்கும்போது ஆள் வகுப்பில். யு.பி.எஸ்.சி. தன் வருடாந்திர அட்டவணையை முன்கூட்டியே வெளியிட்டு அதன்படி நடத்துகிறது, டி.ஆர்.பி.க்கு ஏன் முடியாது? வருஷத்துக்கு ஆயிரம் பேரை எடுத்தாலும் போதும், ஆனால் வருஷா வருஷம் எடுங்கள். பத்து வருஷம் மூடி வைத்துவிட்டு ஒரே நாளில் திறந்தால் நெரிசலும் வழக்கும்தான் வரும்.

மலையும் வறண்ட ஒன்றியமும் உள்ள மாவட்டங்களுக்குக் கூடுதல் படியும் பள்ளி அருகே குடியிருப்பும் கொடுங்கள். மூன்று வருஷம் அங்கே இருந்தவருக்கு மாறுதலில் முன்னுரிமை என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

தனியார் பள்ளி ஆசிரியருக்குக் குறைந்தபட்ச ஊதியம் வேண்டும், அது வங்கிக் கணக்கில் போக வேண்டும், போனதை மறுநாள் பணமாகத் திருப்பி வாங்கும் வழக்கத்தைக் குற்றமாக்க வேண்டும். கட்டண நிர்ணயக் குழுவிடம் ஃபீஸ் கூட்டிக் கேட்கும்போது பள்ளிகள் செலவுக் கணக்கு கொடுக்கின்றன. அதில் எந்த மிஸ்ஸுக்கு எவ்வளவு சம்பளம் என்று காட்டியிருக்கிறார்களோ, அந்தத் தாளை அந்த மிஸ்ஸின் கையிலும் ஒரு நகல் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்கும் பள்ளிக்கு அங்கீகாரப் புதுப்பிப்பு கிடையாது என்று ஒரு வரி சேருங்கள்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால், ஸ்மார்ட் போர்டு எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: போன வருஷம் இருந்த டீச்சர்களில் இந்த வருஷம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?