மனிதக் காரணி உளவியல் கவுன்சலிங் படிப்பு அல்ல

மனிதக் காரணி உளவியல் என்பது ஊழியர்களுக்குக் கவுன்சலிங் கொடுக்கக் கற்றுத்தரும் படிப்பு, கணக்குப் பக்கமே போக வேண்டாம் என்று சிலர் சொல்வது தவறு. அதை நம்பி யாரும் விண்ணப்பித்துவிடக் கூடாது. இத்துறை மனிதரைத் திருத்துவதைவிட, அவர் கையாளும் கருவியைத் திருத்துவதையே முதலில் பார்க்கிறது. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களின் விமானிகள் சிலர், தரையிறங்கிய பின் இறக்கைமடல் (இறக்கையின் பின்புறம் அசையும் பகுதி) விசை என்று நினைத்துச் சக்கரத்தை மடக்கும் விசையை இயக்கிவிட்டார்கள்; இரண்டும் அருகருகே, ஒன்றுபோலவே இருந்தன. உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ், சக்கர விசையில் சிறு ரப்பர்ச் சக்கரத்தையும் மடல் விசையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் செய்தார். கண்ணால் பார்க்காமலே விரலுக்கு வேறுபாடு தெரிந்தது. புள்ளியியலும் சோதனை வடிவமைப்பும் இப்படிப்பில் தவிர்க்கவே முடியாதவை: 1954இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ், இலக்கின் தூரமும் அகலமும் கை அதைச் சென்றடையும் நேரத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை மடக்கை (லாகரிதம்) சமன்பாடாகவே எழுதினார்.