விரிசல் என்றாலே சிமென்ட் திருட்டு இல்லை

அண்ணே, பஸ் நிறுத்தத்துக் காங்கிரீட் தளத்தில் விரிசல் தெரிந்தாலே சிமென்ட்டைக் குறைத்துவிட்டார்கள் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. காங்கிரீட் காயும்போது சுருங்கும், அடித்தளம் அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும், எங்காவது பிளந்துதான் ஆக வேண்டும். அதற்காகத்தான் ஊற்றிய சில மணி நேரத்திலேயே தடிப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ரம்பத்தால் கோடு வெட்டுகிறார்கள், விரிசல் அந்தக் கோட்டுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். வெட்டத் தாமதித்தால் அது தன் இஷ்டத்துக்குப் போகும். சிமென்ட்டும் தண்ணீரும் கூடினால் சுருக்கமும் கூடும், நீங்கள் சொன்னதற்கு நேர் எதிர்! நம்மூர் வெயிலில் ஈரம் காக்காமல் விட்டால் முதல் நாளே மேலே மெல்லிய கோடுகள் வரும், பெரும்பாலும் அவை ஆழமாகப் போகாது. ஆனால் ஸ்லாப்பின் மூலை உடைந்திருந்தால் கதை வேறு: மழைநீர் இறங்கி, அடியில் இருப்பதை அரித்து, பஸ் ஏறும்போதெல்லாம் ஸ்லாப் ஆடியிருக்கலாம். போட்டோவை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. விரிசலின் அகலத்தை அளக்க வேண்டும், இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறமும் சந்தேகம் என்றால் துளையிட்டு உருளை வடிவில் ஒரு காங்கிரீட் துண்டை எடுத்து விரிசல் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார்கள்.