கரிசலுக்கு ஒரு குழு, தேரிக்கு ஒரு குழு

எங்கள் தூத்துக்குடி மாவட்டத் தோட்டக் குழுவில் ஆறு வருஷமாக இருக்கிறேன். கேட்டால் விதையைத் தபாலில் அனுப்பிவைக்கும் நல்ல மனசுக்காரர்கள். ஆனாலும் மாவட்டத்தை வைத்து எங்களை ஒன்று சேர்த்தது தப்பு என்றே இப்போது நினைக்கிறேன்.

எனக்குக் கோவில்பட்டி. வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் கரிசல். உடன்குடிப் பக்கத்து அக்கா ஒருவர் முருங்கைப் போத்து கொடுத்து, "வேர் பிடிக்கிற வரைக்கும் தினமும் தண்ணி ஊத்துங்க தம்பி" என்றார். அவர் மண்ணுக்கு அது சரி. தேரி என்கிற செம்மணல் மேட்டில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் இறங்கிவிடும். கரிசல் குடித்த தண்ணீரை விடாது. உப்பிக்கொண்டு காற்றையும் உள்ளே விடாது. போத்து அடியிலேயே அழுகிப்போனது. இதே மண் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்து வேரை அறுக்கும். அது அந்த அக்காவுக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு ஆடியிலும் குழுவில் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பதிவு வரும். ஆடியில் எங்களுக்குக் காற்றுதான். எங்கள் பட்டம் புரட்டாசி. புதிதாக வருகிறவர்கள் ஆடியில் விதைத்து, முளைத்தது கருகியதும் தோட்டமே வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். எனக்கு மனசு வலிப்பது அங்கேதான்.

1986 வரைக்கும் நாங்கள் திருநெல்வேலி மாவட்டம். பிறகு தூத்துக்குடி. 2019-இல் சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்துக்குப் போனது. பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போகிற சாத்தூர், விருதுநகர் மாவட்டம். மூன்று ஊரிலும் ஒரே கரிசல், ஒரே வானம் பார்த்த பூமி. சாத்தூரைத் தாண்டி வரும் வைப்பாறுதான் விளாத்திகுளத்துக்கும் வருகிறது. ஆனால் சாத்தூர்க்காரருக்கு எங்கள் குழுவில் இடமில்லை.

கரிசல்காரர்கள் ஒரு குழு. சாத்தான்குளம், உடன்குடியோடு திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளையையும் சேர்த்துத் தேரிக்கு ஒரு குழு. ஸ்ரீவைகுண்டத்து வாழைக்காரர்கள் அம்பாசமுத்திரத்தோடு தாமிரபரணிக் குழுவாகச் சேரட்டும். நம் பெரியவர்கள் கரிசக்காடு, தேரிக்காடு என்றுதானே சொன்னார்கள்? எந்தக் காட்டுக்காரர் என்று கேட்டாலே என்ன விளையும் என்று புரிந்துவிடும்.

அரசு மானியம் மாவட்டம், வட்டாரம் என்றுதான் வருகிறது. அதற்குப் பழைய குழு இருக்கட்டும். மாடியில் தேங்காய் நார்க்கழிவுப் பையில் வளர்ப்பவர்கள் "எங்களுக்கு ஏது மண்?" என்று கேட்கலாம். பைக்குள் மண் மாறலாம். காற்றும் வெயிலும் போர்த் தண்ணீரின் உப்பும் ஊருடையதுதானே. ஒட்டப்பிடாரம் மாதிரிக் கலந்து கிடக்கிற இடங்களில் இருப்பவர்கள் இரண்டு குழுவிலும் இருக்கலாம். கோடு கிழித்தாற்போல மண் மாறுவதில்லை.

என்னிடம் வத்தல் போடுகிற மிதுக்கங்காய் விதையும், அம்மா காலத்துப் பாசிப்பயறும் இருக்கின்றன. சாத்தூர், சங்கரன்கோவில், எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் யாரிடமாவது நாட்டுக் கொத்தமல்லி, பழைய மிளகாய் விதை இருந்தால் கீழே சொல்லுங்கள். புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலேயே கூடலாம். விதையோடு உங்கள் தோட்டத்து மண்ணும் ஒரு கைப்பிடி கொண்டுவாருங்கள்.