வலையை அறுக்கச் சொல்கிறவர்கள் வலைக்குக் காசும் தரட்டும்

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம்தான். அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையுள்ள அந்தப் பரப்புக்குள் கடற்பசுவின் தீனியான கடற்புல் 12,250 ஹெக்டேர் இருக்கிறது. ஆனால் கடலுக்கு வேலி கிடையாது. வலையில் மாட்டிய ஆவுளியா, அதாவது கடற்பசு, உயிரோடு திரும்புமா, செத்துக் கரை ஒதுங்குமா என்பதை முடிவு செய்வது ஒரு வள்ளத்தில் இருக்கிற இரண்டு மூன்று பேர். அதுவும் சில நிமிடங்களுக்குள். பணமானாலும் ஆராய்ச்சியானாலும் முதலில் அந்தச் சில நிமிடங்களுக்குப் போக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஏன் இவ்வளவு அவசரம்? அறிவிப்பின்போது அரசு சொன்ன கணக்குப்படி இந்தியா முழுவதற்கும் சுமார் 240 கடற்பசுக்கள். பெட்டை முதல் குட்டி போடவே பத்து வயதை ஒட்டி ஆகிவிடும், சிலதுக்கு அதற்கு மேலும் ஆகும். சினைக்காலம் 13 முதல் 15 மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. அடுத்ததற்கு மூன்று முதல் ஏழு வருட இடைவெளி. எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் ஒரு கூட்டம் வருடத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் பெருகாது. 240-இல் ஐந்து சதவீதம் பன்னிரண்டு. மொத்த லாபமே அவ்வளவுதான். வருடத்துக்கு ஏழெட்டுக் கடற்பசு வலையில் மாட்டிச் செத்தால் மிச்சம் என்ன என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

கடற்பசு மீன் இல்லை. மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். சாதாரணமாக இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை மூக்கை மட்டும் நீட்டி, ஓரிரு விநாடியில் உள்ளே போய்விடும். கடலடியில் கிடக்கிற திருக்கை வலை மாதிரியான பெருங்கண் வலையில் பட்டால் முன்னே போகப் பார்க்கும், முடியாமல் உருளும், உருண்ட உருட்டில் வலை உடம்பில் சுற்றிக்கொள்ளும். பெரும்பாலும் மூழ்கித்தான் சாகிறது. ராத்திரி விட்ட வலையை விடிந்து இழுக்கும்போது பிணம்தான் வரும். அதனால் புல்தரைமேல் வலை விட்டால் பக்கத்திலேயே இருந்து அடிக்கடி பார்ப்பதுதான் முதல் பாதுகாப்பு.

உயிரோடு கிடைத்தால் செய்ய வேண்டியது இது. இஞ்சினை நிறுத்துங்கள், காற்றாடி அருகில் சுழலவே கூடாது. மிதவைக் கயிற்றைத் தூக்கி முதலில் மூக்கைத் தண்ணீருக்கு மேல் கொண்டுவாருங்கள், கத்தியை அப்புறம் எடுக்கலாம். நாலைந்து மூச்சு விட்டதும் துள்ளல் கொஞ்சம் அடங்கும். முனை மழுங்கிய கத்தி நல்லது. தலையிலிருந்து ஆரம்பித்து, துடுப்பு, கடைசியாக வால் என்று அறுத்து வர வேண்டும். பலர் மாற்றிச் செய்வது இந்த இடத்தில்தான். வாலை முதலில் விடுவித்தால் தலையில் சுற்றிய வலையோடு அது கிளம்பிவிடும், போய் வேறெங்கோ மூச்சுத் திணறிச் சாகும். விடுவித்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாகத் திரும்பியிருப்போம். வாலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள், துடுப்பைப் பிடித்தும் இழுக்காதீர்கள், மூட்டு விலகும். படகில் ஏற்றவே வேண்டாம். முந்நூறு நானூறு கிலோ உடம்பு, தண்ணீருக்கு வெளியே அதன் எடையே அதன் நுரையீரலை அமுக்கும். வள்ளம் கவிழவும் வாய்ப்பு உண்டு. அறுத்த துண்டு எதுவும் உடம்பில் தொங்கக் கூடாது. பக்கத்தில் குட்டி சுற்றுகிறதா என்று பாருங்கள். ஒன்றரை வருடம் வரை பால் குடிக்கும் குட்டி தாயை விட்டுப் போகாது. இரண்டையும் அதே இடத்தில் விட வேண்டும்.

இதற்கெல்லாம் வலை போகிறது. விடுவித்தவருக்கு 10,000 ரூபாய் பரிசும் சான்றிதழும் கொடுப்பது நடக்கிறது, மேடையில் பொன்னாடையும் கிடைக்கிறது. பரிசு வேறு, வலைக்கான ஈடு வேறு என்பதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் காதில் விழுவதில்லை. வலை என்பது கடனில் வாங்கிய தொழில் முதல். அறுத்தால் அன்றைய பாடும் (மீன் வரவும்) போச்சு, புது வலை பின்னி இறங்கும்வரை அடுத்த சில நாள் பாடும் போச்சு. மகாராஷ்டிராவில் 2018 முதல், பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விட வலையை அறுத்தால் புகைப்படம் காட்டி 25,000 ரூபாய் வரை இழப்பீடு வாங்கலாம். பார்க்க வேண்டியது வழங்கும் வேகத்தைத்தான். இருபது விநாடி வீடியோ, அறுந்த வலை, ஊர்த் தலைவர் கையெழுத்து, இந்த மூன்றும் இருந்தால் ஏழு நாளில் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். நாலு மாதம் கழித்து வருகிற காசு அடுத்த வலையை அறுக்க வைக்காது. அந்த வீடியோவும் மூக்கு மேலே வந்த பிறகுதான், அதற்கு முன்னால் போனை எடுக்கக் கூடாது என்பதைப் பயிற்சியிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆராய்ச்சிப் பக்கம் வருவோம். கலங்கிய தண்ணீரில் ஓரிரு விநாடி மூக்கு நீட்டுகிற விலங்கை ட்ரோன் விட்டு மட்டும் எண்ணிவிட முடியாது. தினமும் கடலில் இருப்பவரின் கண்தான் பெரிய கருவி. டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் மீனவத் தன்னார்வலர்களை வைத்துத் தகவல் திரட்டுகிறது. நான் சேர்க்கச் சொல்வது ஒன்றுதான்: பார்க்காத நாளையும் எழுத வேண்டும். நாற்பது படகு போகிற ஊரில் பத்துத் தடவை பார்த்தார்கள், நாலு படகு போகிற ஊரில் ஐந்து தடவை பார்த்தார்கள் என்று வையுங்கள். மொத்தத்தை மட்டும் பார்த்தால் முதல் ஊர்தான் முக்கியம். படகுக்கு எத்தனை என்று பார்த்தால் இரண்டாவது ஊரில் ஐந்து மடங்கு. பாக் விரிகுடாவில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்ற முறை வேறு. எந்தக் கிழமை யார் கடலில் இருந்தார்கள் என்று தெரியாமல் போட்ட வரைபடம், கடற்பசு எங்கே இருக்கிறது என்று காட்டாது, வள்ளம் எங்கே போனது என்றுதான் காட்டும்.

எழுத அரைப் பக்கம் போதும். தேதி, நேரம், எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி) தண்ணீர், அடியில் தாழையா (கடற்புல்லா) மணலா சேறா, எத்தனை உருப்படி, குட்டி உண்டா, என்ன வலை, எத்தனை மணி நேரம் கிடந்தது. முக்குளிப்பவர்கள் மேய்ந்த தடத்தையும் சேர்க்கலாம். கடற்பசு புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும், ஏறக்குறைய ஒரு சாண் அகலத்தில் வளைந்து வளைந்து வெற்று மண் தெரியும். நேராக, அகலமாக, நீளமாக உழுததுபோல் இருந்தால் அது விசைப்படகின் மடி (இழுவலை) இழுத்த தடம். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகுக்கு 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படியே இடமில்லை. ஆனாலும் அந்தத் தடத்தைப் பார்க்காத ஊர் இருந்தால் சொல்லுங்கள். மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிற்றால் கடற்புல் கட்டி நடுகிற வேலையும் நடக்கிறது. நல்ல வேலை. மடி ஓடுகிற இடத்தில் நட்டால் மூங்கிலும் போய்விடும், புல்லும் போய்விடும்.

இடத்தை மட்டும் முகநூலில் போடாதீர்கள். வேடிக்கை பார்க்கப் படகு கிளம்பிவிடும்.

செத்த கடற்பசு பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வனவிலங்குச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணை விலங்கு, வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு வருடம் சிறை. தற்செயலாக வலையில் செத்ததற்கும் வழக்கு வரும் என்ற பயத்தில் சத்தமில்லாமல் கடலிலேயே தாழ்த்திவிடுகிறார்கள். நமக்குப் போவது எவ்வளவு தெரியுமா? மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை நீளம், ஆணா பெண்ணா, வயிற்றில் என்ன புல், தோலில் ஒரு துண்டு மரபணுச் சோதனைக்கு, தந்தத்தை அறுத்துப் பார்த்தால் வயது. உயிருள்ள விலங்கைத் தொடாமல் இதில் பாதி கூடக் கிடைக்காது. தானாக வந்து சொல்கிறவர்மேல் வழக்கு இல்லை என்று வனத்துறை எழுத்தில், ஊர்க் கூட்டத்தில், மீன்வளத் துறையையும் கடலோரக் காவல் குழுமத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பி யாரும் பிணத்தைக் கரைக்குக் கொண்டுவர மாட்டார்கள்.

இன்னொன்று. பாதுகாப்பகத்துக்கான மேலாண்மைக் குழுவில் யார் யார் என்று வனவிலங்குச் சட்டத்தின் 36பி பிரிவு சொல்கிறது: வனத்துறை, ஊராட்சிக்கு ஒருவர், தொண்டு நிறுவனங்கள் சார்பில் மூவர், வேளாண் துறை, கால்நடைத் துறை. காட்டையும் வயலையும் மனதில் வைத்து எழுதியது, அதனால் அந்த வரியில் மீன்வளத் துறை இல்லை. ஊராட்சி உறுப்பினர் வேறு, மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து வேறு என்பதும் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். கடலுக்குப் போகிறவரை அந்தக் குழுவில் உறுப்பினராக உட்கார வைக்க வேண்டும், வலை ஈட்டுத் தொகையை முடிவு செய்கிற கையெழுத்திலும் அவருடையது ஒன்று இருக்க வேண்டும்.