புள்ளி மறைந்தால் தாளும் பொய்யா?

‘எல்லாமே மூளை காட்டும் படம்தான், வெளியே எதுவுமில்லை’ என்று நரம்பியலைத் துணைக்கு அழைத்துப் பேசும் காணொளிகள் பெருத்துவிட்டன. பாதி சரி. மறுபாதிதான் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.

சரியான பாதியை நீங்களே சோதிக்கலாம். கோடு போட்ட தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதே கோட்டில் 8 செ.மீ. வலப்பக்கம் தள்ளி ஒரு சின்னப் புள்ளி. இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல முகத்தருகே கொண்டு வாருங்கள். ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போகும். அங்கே ஓட்டையோ இருட்டோ தெரியாது. கோடு அறுபடாமல் ஓடும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணர் செல்களே கிடையாது. அக்கம்பக்கத்தை வைத்து மூளை இட்டு நிரப்பிவிடுகிறது.

சரி, மூளை புனைகிறது. ஆனால் தாள் இருக்கிறது, புள்ளி அதில் அப்படியே இருக்கிறது, கண்ணுக்கும் அதற்கும் இவ்வளவு தூரம் என்பதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகுதானே ‘ஏமாந்தோம்’ என்றே சொல்ல முடிகிறது? வெளியுலகை மறுக்கிறவர் விழித்திரையையும் நரம்பையும் மட்டும் எந்தக் கணக்கில் நம்புகிறார்? மூளையும் வெளியுலகப் பொருள்தானே, ஐயா!

பொருள் என்பதே மனத்தில் எழும் உணர்வுதான் என்ற தத்துவவாதி பெர்க்லியை மறுக்க, ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் கல்லை உதைத்துக் காட்டிய கதை பிரபலம். அது பதிலே இல்லை. காலில் தட்டுப்பட்டதும் ஓர் உணர்வுதான். ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் இன்னும் நுணுக்கமானவர். இடம் (தூரம், வடிவம் எல்லாம் அடங்கிய space) என்பது பொருள்களின் குணமல்ல, நம் புலனறிவின் சட்டகம் என்றார். அவரே தன் ‘தூய பகுத்தறிவின் விமர்சனம்’ நூலின் 1787 பதிப்பில், வெளியே நிலையான பொருள் இல்லாமல் நம் மன ஓட்டத்தின் முன்பின்னைக்கூட நிர்ணயிக்க முடியாது என்று ஒரு தனிப் பகுதி சேர்த்தார். இடம் நம் சட்டகம் மட்டுமே என்பதை நான் ஏற்கவில்லை. அதற்குக் காரணம் அயர்லாந்து அறிஞர் மாலினியூவின் (Molyneux) கேள்வி.

பிறவியிலேயே பார்வையற்றவர், கையால் அறிந்த கனசதுரத்தையும் கோளத்தையும், பார்வை கிடைத்ததும் தொடாமலே பிரித்துச் சொல்வாரா? 1688இல் எழுப்பப்பட்டது இது. 2011இல் நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹா குழுவினர், அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற சிறுவர்களிடம் இதைச் சோதித்தார்கள். தொட்டுப் பார்த்ததைக் கண்ணால் அடையாளம் காட்ட ஆரம்பத்தில் முடியாமல் திணறினார்கள்; சில நாட்களிலேயே தேறிவிட்டார்கள். அப்படியானால் கைக்கும் கண்ணுக்கும் பொதுவான ஆயத்தச் சட்டகம் எதுவும் உடனே கைகொடுக்கவில்லை. பிறகு இரண்டு சாட்சிகளும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனது எப்படி? இரண்டும் விசாரித்தது ஒரே பொருளை என்பதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை. வேறு இருந்தால் சொல்லுங்கள், வாதாடுவோம்.